அறுபத்தொரு சீட்டுகள்

ஆரணி,
மே 27, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள துர்காவுக்கு,

மணிமேகலை எழுதுவது. இங்கு நாங்கள் எல்லாரும் நலம். நீயும் சென்னையில் புது வீடு, புது வேலை என்று நலமாக இருப்பாய் என நம்புகிறேன். கத்திரி நாளையோடு முடிகிறது என்று காலண்டரில் போட்டிருக்கிறது. வெயிலுக்கு அது தெரிந்ததாகக் காணோம்.

ஸ்டாஃப் ரூமில் எட்டு வருடம் ஒரே டிபன் பாக்ஸில் கை விட்டுச் சாப்பிட்டவர்கள் கடிதம் எழுதிக்கொள்வது உனக்கு வேடிக்கையாக இருக்கும். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ பார்த்துவிட்டாயா, பார்த்தும் சும்மா இருக்கிறாயா என்று அந்த நீல டிக்கையே வெறித்துக்கொண்டிருப்பேன். போனில் பேசலாம் என்றால், பத்து நாளைக்கு முன் மீட்டிங்கில் இருக்கிறேன், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்தாய். அந்த மீட்டிங் இன்னும் முடியவில்லை போலிருக்கிறது. பேப்பரைப் பாதியில் கட் செய்ய முடியாது, அதனால் எழுதுகிறேன்.

போன ஞாயிறு போளூர் போய் அம்மாவைப் பார்த்து வந்தேன். முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. நீ வாங்கிக் கொடுத்த தைலம் தீர்ந்துவிட்டதாம், துர்காவிடம் சொல்லி இன்னொன்று அனுப்பச் சொல் என்றாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. உன்னைத் தன் இன்னொரு பெண் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், நினைத்துக்கொண்டே இருக்கட்டும்.

பள்ளியில் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். ஸ்டாஃப் ரூம் ஃபேனை ரிப்பேருக்குக் கழற்றிப் போனவர்கள் இன்னும் கொண்டுவரவில்லை. பத்தாம் வகுப்பு ரிசல்ட் தொண்ணூற்றிரண்டு சதவீதம். வேறொரு பள்ளி நூற்றுக்கு நூறு என்று பஸ் ஸ்டாண்டில் பேனர் கட்டிவிட்டது. நம் செயலர் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே கடைக்குப் போகிறார். மீதி எட்டு சதவீதத்துக்கு யாரைப் பலி கொடுப்பது என்று அவர் யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. பட்டியல் ஒன்று முன்பே தயாராக இருந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

மூன்று வருடத்துக்கு முன் ஜூன் மாதம் நீ திருவண்ணாமலையில் ஐந்து நாள் பயிற்சி முடித்து வந்தாய். மற்றவர்கள் பயிற்சிக்குப் போனால் ஃபைலும் பேனாவும் கொண்டுவருவார்கள். நீ ஒரு யோசனையைக் கொண்டுவந்தாய். அதுவரைக்கும் வளரறி மதிப்பீடு என்றால் எங்களுக்கெல்லாம் ரெக்கார்டில் மார்க் போட்டு நிரப்புகிற ஒரு கட்டம், அவ்வளவுதான். அப்படி இல்லை மணி, பரீட்சை வரைக்கும் காத்திருக்காதே, பாடம் நடக்கும்போதே எங்கே தடுக்குகிறது என்று பிள்ளையையே கேள், மறுநாள் அங்கிருந்து ஆரம்பி என்றாய். தறியில் இழை அறுந்தால் அந்த நிமிடமே முடிச்சுப் போடுகிறார்கள், சேலை இறங்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பதில்லை என்றாய். உன்னைத் தோழி என்று சொல்லிக்கொள்ள அன்றைக்கு எனக்கு அவ்வளவு பெருமை. நீ அன்று சொன்னதில் இன்றைக்கும் ஒரு தப்பு கிடையாது. அதனால்தான் இவ்வளவு வயிறு எரிகிறது.

பட்டுக்கடை அட்டைப் பெட்டி ஒன்றில் துளை போட்டு என் ஒன்பதாம் வகுப்பில் வைத்தது நீ. வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆளுக்கொரு சீட்டு. பேர் எழுதி, இன்றைக்கு எது புரியவில்லை என்று ஒரு வரி. பெட்டியின் மேல் 'இங்கே மார்க் கிடையாது' என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதியதும் உன் கைதான்.

முதல் வாரம் ஒரு பிள்ளையும் எழுதவில்லை என்பது ஞாபகம் இருக்கிறதா? நான்தான் போர்டில் எனக்குத் தெரியாத ஒன்றை எழுதினேன். விவசாயக் குடும்பத்துப் பெண், ஆரணிக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும் தறியில் ஏற்றும் பாவில் இத்தனை ஆயிரம் இழையை எப்படி எண்ணுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது என்றேன். நெசவு வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் சிரித்துவிட்டு, எழுந்து வந்து எனக்கே பாடம் எடுத்தார்கள். இந்தச் சீட்டு வீட்டுக்குப் போகாது, தலைமையாசிரியர் கைக்குப் போகாது, என்னைத் தவிர யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அன்றைக்கு வாக்குக் கொடுத்தேன். நீ கதவருகில் நின்று தலையாட்டினாய். அதற்குப் பிறகுதான் எழுத ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு அதே வாக்கைச் சொல்லித்தான் பெட்டியை வைத்தேன்.

போன வருடத்து ஒன்பதாம் வகுப்பு அகல்யாவை உனக்குத் தெரியும். சந்தவாசல் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். அப்பா கூலி வேலை. அம்மா சின்னபொண்ணு ஆரணியில் ஒரு கொட்டகையில் பட்டுச் சேலையின் பின்பக்கம் தொங்கும் இழைகளைக் கத்தரிக்கிறார். அகல்யாவின் சீட்டுகளைப் படித்து நாம் இரண்டு பேரும் எத்தனை நாள் சிரித்திருக்கிறோம். 'மைனசையும் மைனசையும் பெருக்கினா ஏன் ப்ளஸ் ஆவுது, ஆவும்னு மட்டும் சொல்லாதீங்க டீச்சர்' என்று ஒரு நாள். 'நீங்க ரெண்டாவது வரியில இருந்து நாலாவது வரிக்குத் தாவிட்டீங்க' என்று இன்னொரு நாள். ஆகஸ்டில் ஒரு சீட்டில், மூன்றில் ஒரு பங்கு பெரிதா, நான்கில் ஒரு பங்கு பெரிதா என்று கேட்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்புப் பெண். ஐந்தாம் வகுப்பிலேயே விட்டுப்போன பாடம் அது, யாரும் கேட்காததால் அவளும் சொல்லவில்லை.

மறுநாள் அல்ஜீப்ராவை மூடி வைத்துவிட்டுப் பின்னம் எடுத்தேன். வகுப்பில் பாதிப் பேருக்கு அது தேவைப்பட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. காலாண்டில் அகல்யாவுக்குப் பத்தொன்பது. அரையாண்டில் முப்பத்து நான்கு. முழு ஆண்டில் ஐம்பத்திரண்டு. அவளுக்கு ட்யூஷன் இல்லை. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. புரியவில்லை என்று எழுதி எழுதியே ஏறி வந்தாள்.

மார்ச் முதல் வாரம் நீ பெட்டியைக் கேட்டாய். சென்னை டிரஸ்டில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை, இன்டர்வியூவில் காட்ட நான்கைந்து சீட்டு போட்டோ எடுக்க வேண்டும், பேரை மறைத்துவிடுகிறேன் என்றாய். பெட்டியோடு கொடுத்தேன். பத்து நாள் உன்னிடம் இருந்தது. திருப்பிக் கொடுக்கும்போது சீட்டுகள் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிக் கட்டாக ரப்பர் பேண்டு போட்டு இருந்தன. எவ்வளவு ஒழுங்கானவள் என்று வியந்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

ஏப்ரலில் உனக்குப் பிரிவு உபசாரம். மயில்கழுத்து நிறப் பட்டு எடுக்க வேண்டும் என்று நான்தான் ஒற்றைக் காலில் நின்றேன். மைக்கைப் பிடித்து நாலு வார்த்தை பேசுவதற்குள் அழுதுவிட்டேன். நீயும் அழுதாய். அந்த அழுகை எதற்கு என்று இப்போது ராத்திரி பகலாக யோசிக்கிறேன்.

ரிசல்ட் வந்த மறுநாள் தலைமையாசிரியர் அருள்மணி சார் பதினோரு பிள்ளைகளின் பெற்றோரை வரச் சொன்னார். உங்கள் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு தாங்காது, டிசி வாங்கிக்கொண்டு போய்த் தனியாகப் பரீட்சை எழுதிக்கொள்ளட்டும், ஜூன் ஆறாம் தேதிக்குள் முடியுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் அவரிடம் போய், எந்தக் கணக்கில் பதினோரு பேர் என்று கேட்டேன். மேஜை டிராயரிலிருந்து டைப் அடித்த தாளை எடுத்துப் போட்டார். 'வளரறி மதிப்பீட்டின்படி மெல்லக் கற்போர்' என்று தலைப்பு. பேர், பிரிவு, அப்புறம் ஒரு கட்டம்: 'புரியவில்லை என எழுதிய எண்ணிக்கை'. அகல்யாவுக்கு நேரே அறுபத்தொன்று. அன்பரசுவுக்கு ஐம்பத்து நான்கு. கீழே உன் கையெழுத்து, மார்ச் பன்னிரண்டாம் தேதி.

இது பிள்ளைகளை வெளியே அனுப்பும் கணக்கு இல்லை சார் என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நானா எழுதினேன் மணிமேகலை? உங்க பசங்களே எழுதி கையெழுத்து போட்டு குடுத்தது இது."

ஜவுளிக்கடை தனகோடியின் பேரன் அந்தப் பட்டியலில் இல்லை. அவன் வருடம் முழுக்க 'எல்லாம் சூப்பர் டீச்சர்' என்று எழுதி ஸ்டார் போட்டுக் கொடுத்தவன். முழு ஆண்டில் இருபத்திரண்டு மார்க். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவனுக்குப் புரியவில்லை என்று சொல்லக் கூடத் தெரியவில்லை. ஆனால் உன் கணக்கில் அவன் கெட்டிக்காரன். உண்மை சொன்ன பதினோரு பேர் மக்குகள். அவர்களில் நான்கு பேர் முழு ஆண்டில் பாஸ். நீ எண்ணும்போது அந்தப் பரீட்சையே நடக்கவில்லை.

போனில் நீ பேசிய இரண்டு வாக்கியத்தில் ஒன்று, ஸ்பெஷல் கிளாஸ் வைக்கத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தேன் என்பது. நம்பத்தான் ஆசைப்பட்டேன். நம்பியும் விட்டேன், இரண்டு நாள். பிறகு ஆபீஸ் உதவியாளர் குப்புராஜ் அண்ணன் காதும் காதும் வைத்தாற்போல ஒரு ஜெராக்ஸ் கொடுத்தார். டைப் அடிப்பதற்கு முன் நீ கையால் எழுதிய தாள். அதன் ஓரத்தில், 'இவர்கள் அடுத்த ஆண்டு தேர்ச்சி விகிதத்தைக் குறைக்கக்கூடியவர்கள்' என்று இருக்கிறது. உன் எழுத்து எனக்குத் தெரியாதா துர்கா? எட்டு வருடம் என் பாடக் குறிப்பையும் சேர்த்து எழுதிக் கொடுத்த கை அது.

சென்னை வேலைக்கு வேண்டிய உன் அனுபவச் சான்றிதழில் மூன்று மாதமாகக் கையெழுத்து போடாமல் அருள்மணி சார் இழுத்தடித்தார் என்றும் குப்புராஜ் அண்ணன் சொன்னார். பட்டியல் போன அன்று சாயங்காலமே கையெழுத்து ஆகிவிட்டதாம். உனக்கு என்ன நெருக்கடியோ, எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் போய் அவர் ரூம் வாசலில் உட்கார்ந்திருப்போம். அவருக்குப் பேஜாராகியே கையெழுத்து போட்டிருப்பார். நீ என்னிடம் சொல்லவில்லை. பிள்ளைகளைக் கொடுத்துவிட்டாய்.

நானும் உத்தமி இல்லை. பெட்டியைத் தூக்கிக் கொடுத்தது என் கை. பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்தேன். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சொன்ன வாயை முதலில் பொய்யாக்கியது நான்தான். இதை அருள்மணி சாரிடம் எழுதியே கொடுத்துவிட்டேன். அதற்கு எனக்கு மெமோ வந்திருக்கிறது, அது கிடக்கட்டும்.

நேற்று சின்னபொண்ணு பள்ளிக்கு வந்தார், அகல்யாவையும் கூட்டிக்கொண்டு. சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். சண்டை போட்டிருந்தால் தேவலை. தாழ்வாரத்தில் நின்றபடி ரொம்ப மெதுவாகக் கேட்டார். "புரியலன்னா எழுதுன்னு சொன்னது நீங்கதான டீச்சர். அவளும் வருஷம் பூரா எழுதிகினே வந்தா. இப்ப அத எண்ணிகினு இருக்காங்களே."

கண்ணமங்கலத்தில் ஒரு துணிக்கடையில் பெண்ணுக்கு வேலை பேசி வைத்திருப்பதாகச் சொன்னார். அகல்யா அதுவரைக்கும் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கிளம்பும்போது திரும்பி ஒன்று கேட்டாள். "புரிஞ்சுதுன்னு எழுதியிருந்தா உட்டிருப்பாங்களா டீச்சர்?"

துர்கா, இதற்கு நீ பதில் சொல்லு. நான் இருபத்து நான்கு மணி நேரமாக யோசித்தும் பொய் சொல்லாமல் ஒரு பதில் கிடைக்கவில்லை.

ஏழு பேர் ஏற்கெனவே டிசி வாங்கிப் போய்விட்டார்கள். அன்பரசுவின் அப்பா மறு பேச்சு பேசாமல் கையெழுத்து போட்டுவிட்டார், பள்ளிக்கூடத்தில் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று. நான்கு பேர் மீதி. பட்டியலைப் போட்டவர் தப்பு என்று எழுதிக் கொடுத்தால் செயலரிடம் பேசிப் பார்க்கிறேன் என்று அருள்மணி சார் ஒரு பேச்சுக்குச் சொல்லியிருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அந்தச் சீட்டுகள் பரீட்சை இல்லை, அவற்றை எண்ணிப் பிள்ளைகளைத் தரம் பிரித்தது தவறு, என் பட்டியலைத் திரும்பப் பெறுகிறேன் என்று மூன்று வரி. கையெழுத்து. ஜூன் ஆறுக்குள் வந்து சேர வேண்டும். உன் புது வேலைக்கு இதனால் ஒரு சங்கடம் வரலாம், தெரிந்துதான் கேட்கிறேன்.

ஏன் செய்தாய் என்று கேட்க மாட்டேன். எழுதி அனுப்பு, அது போதும். அனுப்பினால் நான் பழையபடி இருப்பேன் என்று சொல்ல வரவில்லை. ஆனால் முயற்சி செய்வேன்.

உன்,
மணிமேகலை.


ஆரணி,
ஜூன் 19, வியாழக்கிழமை.

அன்புள்ள துர்கா,

அன்புள்ள என்று எழுதிக் கை பழகிவிட்டது. அடித்து எழுத மனம் வரவில்லை.

உன் கடிதம் ஐந்தாம் தேதி கூரியரில் வந்தது. எனக்கு இல்லை, தலைமையாசிரியருக்கு. ஸ்டாஃப் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் அவர் படித்தார். 'பட்டியல் தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டதன்படி தயாரிக்கப்பட்டது. சீட்டுகளைச் சேகரித்தது திருமதி மணிமேகலை. அவரிடமிருந்து முறையாகப் பெற்று எண்ணிக்கொடுத்தது மட்டுமே என் பணி. அவற்றின் நம்பகத்தன்மைக்கு அவரே பொறுப்பு.' இவ்வளவுதான். ஆபீஸ் தமிழில் எவ்வளவு சுத்தமாக எழுதியிருந்தாய். ஒரு வரியைக் கூடப் பொய் என்று அங்கே என்னால் காட்ட முடியாது. பக்கத்தில் இருந்த கலையரசி டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் எப்போதும் நீ உட்காருவாய்.

பிள்ளைகள் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், உனக்குத் தெரிய வேண்டும். ஆறாம் தேதி அகல்யாவின் அம்மா ஆபீசுக்கு வந்தார். டிசி ஃபாரத்தை நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை. "கையெழுத்து போட்டாதான போவணும். நான் போடல" என்று சொல்லிவிட்டு, மதியம் வரைக்கும் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்தார். பெற்றவர் கேட்காமல் டிசி கொடுக்க முடியாது என்பது அருள்மணி சாருக்கும் தெரியும். பார்த்துக்கொண்டிருந்த மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். படித்த நாம் இரண்டு பேரும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம். அந்த அம்மா ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டு முடித்துவிட்டார்.

அகல்யா இப்போது பத்தாம் வகுப்பில், ஜன்னலோர பெஞ்சில் இருக்கிறாள், இந்த வருடம் அவர்களுக்கும் நான்தான் கணக்கு. போன ஏழு பேரில் யாரும் திரும்பவில்லை. அன்பரசு செல்போன் கடையில் ஸ்க்ரீன் ஒட்டுகிறான். என்னைக் கண்டால் உள்ளே போய்விடுகிறான்.

இந்த வருடம் நான் பெட்டி வைக்கவில்லை. வைக்க எனக்கு முகம் இல்லை. பாடம் முடித்ததும் வாயால் கேட்கிறேன், எங்கே புரியவில்லை, சொல்லுங்கள் என்று. நாற்பத்தொரு பேர். ஒருவரும் பேசுவதில்லை. நேற்று கணக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒவ்வொரு பெஞ்சாகப் போனேன். அகல்யாவின் நோட்டில் இரண்டாவது வரியிலேயே தப்பு. பக்கத்தில் குனிந்து, இந்த இடம் புரிந்ததாம்மா என்று கேட்டேன். எழுந்து நின்றாள். நோட்டை மூடினாள். "புரிஞ்சுது டீச்சர்" என்றாள். குரலில் அவ்வளவு மரியாதை.

நாலாவது வரிக்குத் தாவிட்டீங்க என்று என்னிடம் சண்டை போட்ட பெண் அது. பள்ளியில் அவளை நிறுத்தி வைக்க முடிந்தது. அவள் கேள்வியை நிறுத்தி வைக்க முடியவில்லை. அது எப்போது திரும்பும், திரும்புமா, எனக்குத் தெரியாது. தினமும் கேட்டுக்கொண்டே இருப்பது என்று மட்டும் முடிவு செய்திருக்கிறேன்.

இனி நான் எழுத மாட்டேன், நீயும் எழுத வேண்டாம். அம்மாவுக்குத் தைலம் நானே வாங்கிக் கொடுத்துவிட்டேன், நீ அனுப்பியதாகச் சொல்லி.

உன் மகள் இந்த மாதம் புதுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்ந்திருப்பாள். சின்னக் குழந்தையிலிருந்து என் மடியில் வளர்ந்தவள், அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவள் நன்றாகப் படிக்கட்டும். புரியவில்லை என்று பயமில்லாமல் சொல்ல அவளுக்கு ஒரு நல்ல டீச்சர் கிடைக்கட்டும். அந்த டீச்சருக்கு உன்னைப் போல் ஒரு தோழி இல்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ப. மணிமேகலை,
கணித ஆசிரியை.